கைமுடிச்சுக் கம்பளம் ஆர்டர் கொடுக்கப் போகிறீர்களா? பதினாறு வாரக் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்

அவசரத்தில் இருப்பவர்களுக்காகத் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உத்தரப்பிரதேசத்தில் பதோஹி என்கிற ஊரில் ஒரு தயாரிப்பாளரிடம் நேரடியாகப் பேசி, டிசைனும் நிறமும் நாங்களே சொல்லி நெய்து வாங்கிய கம்பளம் பிரமாதமாக இருக்கிறது. கொடுத்த காசில் ஒரு ரூபாய்க்குக்கூட வருத்தமில்லை. ஆனால் அவர்கள் சொன்ன தேதியை நம்பி வீட்டு விசேஷம் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். பதினாறு வாரம் என்றார்கள், ஏழு மாதத்துக்குப் பக்கம் ஆனது. தை கடைசியில் முன்பணம் போட்டோம், வைகாசி கடைசியில் கிரகப்பிரவேசம், ஆவணி பிறந்த பிறகுதான் சாமான் வீட்டுக்கு வந்தது. விசேஷத்துக்கு வந்தவர்களை பவானி ஜமக்காளத்தில்தான் உட்கார வைத்தோம். அதில் ஒன்றும் குறைவில்லை, பாதிப் பேருக்கு அதுதான் பிடித்தும் இருந்தது, அது வேறு விஷயம்.

கடை பெயரைப் போடவில்லை, கேட்காதீர்கள். ஆர்டர் கொடுக்கும் முன் விசாரித்த இடங்களில் எல்லாம் ஏறக்குறைய இதே வாரக் கணக்கைத்தான் சொன்னார்கள், அதனால் இது ஒரு கடையின் குணம் என்று எனக்குத் தோன்றவில்லை. இந்தத் தொழிலில் ‘இத்தனை வாரம்’ என்று சொல்லும்போது எதை எண்ணுகிறார்கள், எதை எண்ணாமல் விடுகிறார்கள் என்பதுதான் விஷயம். அதை எனக்கு யாராவது முன்பே எழுதி வைத்திருந்தால் வைகாசியை நம்பியிருக்க மாட்டேன்.

எங்களுக்கு வேண்டியது 8க்கு 10 அடி. வழக்கமான அளவுதான், ரெடிமேடாகவே கிடைக்கும். ஆனால் கிடைப்பதெல்லாம் மெரூனும் கருஞ்சிவப்பும், நடுவில் ஒரு பெரிய பதக்கம் மாதிரி டிசைன். எங்கள் ஹாலில் தரை ஆத்தங்குடி டைல்ஸ், அதுவே கண்ணைப் பறிக்கும். அதன்மேல் இன்னொரு பூவேலை போட்டால் பார்க்க முடியாது. ஓரத்தில் மட்டும் கோடு, நடுவில் மங்கலான பச்சை, அவ்வளவுதான் கேட்டோம்.

முதலில் இங்கேயே ஒரு பெரிய ஷோரூமில் கேட்டோம். ஆறு வாரத்தில் தருகிறோம், முழுக்கக் கைவேலை என்றார்கள். விலையும் பாதிக்கும் கீழே. சந்தேகப்பட்டு இரண்டு கேள்வி கேட்டதும் அது டஃப்டட் கம்பளம் என்று தெரிந்தது. அவர்கள் சொன்னது பொய் இல்லை, அதுவும் கைவேலைதான். துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, டிசைனை அதில் வரைந்து, கையில் பிடிக்கிற டஃப்டிங் கன்னால் நூலை உள்ளே குத்திக்கொண்டே போவார்கள். 8க்கு 10 அடியை ஒரு வாரம் பத்து நாளில் குத்தி முடித்துவிடலாம். அப்புறம் பின்பக்கம் லேடெக்ஸ் பசை பூசி, அது காய்ந்த பிறகு இன்னொரு துணி ஒட்டி, மேலே சமமாகக் கத்தரித்தால் வேலை முடிந்தது. நூலைப் பிடித்து வைத்திருப்பது அந்தப் பசைதான், வருடங்கள் போகப் போக அது காய்ந்து பொடியாக உதிரும். வாடகை வீடு, சின்னப் பிள்ளைகள் உள்ள வீடு, ஐந்தாறு வருடத்தில் மாற்றிவிடுவோம் என்கிறவர்களுக்கு டஃப்டட் தாராளமாகப் போதும், அதைக் கேவலமாகப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வரும். ஆனால் எது வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும். கம்பளத்தைத் திருப்பிப் பாருங்கள். பின்னால் துணி ஒட்டியிருந்தால் டஃப்டட். மேலே உள்ள டிசைன் அப்படியே பின்னாலும் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால், ஓரக் குஞ்சம் தைத்து ஒட்டியதாக இல்லாமல் பாவு நூலின் (தறியில் நீளவாக்கில் கட்டும் நூல்) நுனியாகவே இருந்தால், அது முடிச்சுக் கம்பளம்.

பதோஹி வாரணாசிக்கும் பிரயாக்ராஜுக்கும் நடுவில் இருக்கிறது. அந்த ஊரும் பக்கத்து மிர்சாபூரும் சேர்ந்ததுதான் இந்தியக் கம்பளத் தொழிலின் மையம். 2010ல் பதோஹி கைமுடிச்சுக் கம்பளத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, சுற்றியுள்ள ஒன்பது மாவட்டங்கள் அதில் சேர்த்தி. ஊருக்குள்ளேயே கம்பளத் தொழில்நுட்பத்துக்கென்று மத்திய அரசின் கல்லூரி ஒன்றும் இருக்கிறது. பெரிய ஆலை ஒன்றுக்குள் வரிசையாகத் தறி ஓடும் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் கிராமத்தில் நெசவாளர் வீட்டிலேயே தறி இருக்கும். நடுவில் ஒரு ஒப்பந்தக்காரர் நூலைக் கொடுத்து, நெய்ததை வாங்கி வருவார். நீங்கள் போனில் பேசும் ஆள் அந்தச் சங்கிலியின் இந்த முனை, உங்கள் கம்பளம் இருப்பது அந்த முனை. தேதி வழுக்குவதற்கு இது ஒரு காரணம் என்பது எனக்குப் போகப் போகத்தான் புரிந்தது.

சரி, நெசவுக் கணக்கைப் பார்ப்போம், எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

முடிச்சுக் கம்பளத்தின் நேரத்தை முடிவு செய்வது ஒரு சதுர அங்குலத்தில் எத்தனை முடிச்சு என்பது. நாங்கள் எடுத்தது நூறு முடிச்சு. 8க்கு 10 அடி என்றால் 96க்கு 120 அங்குலம், அதாவது 11,520 சதுர அங்குலம். நூறால் பெருக்கினால் 11,52,000 முடிச்சு. பதினொன்றரை லட்சம் தடவை ஒரு கை நூலைப் பாவில் சுற்றி, இழுத்து, வெட்ட வேண்டும். கைதேர்ந்த நெசவாளர் ஒரு நாளைக்கு ஆறாயிரத்திலிருந்து பத்தாயிரம் முடிச்சு வரை போடுவார் என்று எல்லா விற்பனையாளர்களும் சொல்கிறார்கள். எட்டாயிரம் என்று வைத்து, மூன்று பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் 48 நாள் வருகிறது. வாரம் ஆறு நாள் வேலை என்றால் எட்டு வாரம். அந்தப் பதினாறு வாரத்தில் நெசவுக்கு மட்டும் என்று எங்களுக்குச் சொன்னது பத்து வாரம், கொஞ்சம் மூச்சுவிட இடம் வைத்துத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

இந்த எட்டாயிரம் உண்மையா என்று சரிபார்க்க ஒரு நல்ல வழி கிடைத்தது. டெல்லியில் புது நாடாளுமன்றக் கட்டடத்தின் இரண்டு அவைகளுக்கும் கம்பளம் நெய்தது பதோஹி, மிர்சாபூர்ப் பக்கத்து நெசவாளர்கள்தான். ஓபிடீ என்கிற, நூறு வருடம் தாண்டிய நிறுவனம் செய்தது. (நாங்கள் வாங்கியது அங்கே இல்லை.) 2023ல் கட்டடம் திறந்தபோது கணக்கு எல்லாம் பத்திரிகைகளில் வந்தது. மொத்தம் 35,000 சதுர அடி, சதுர அங்குலத்துக்கு 120 முடிச்சு, 60 கோடிக்கு மேல் முடிச்சுகள், 900 நெசவாளர்கள், 10 லட்சம் மனித மணி நேரம். வகுத்துப் பாருங்கள், மணிக்கு 600 முடிச்சு வருகிறது. எட்டு மணி நேர நாளுக்கு 4,800. அதாவது தேசத்திலேயே அதிகம் பேர் கவனித்த வேலையில், நல்ல தேர்ந்த கைகளை வைத்துச் செய்தபோதும் சராசரி ஐந்தாயிரத்தைத் தொடவில்லை. அந்த வேகத்தில் எங்கள் கம்பளத்துக்கு மூன்று பேர் 80 நாள் உட்கார வேண்டும், பதின்மூன்று வாரத்துக்கு மேல். எங்களுக்கு நடந்தது இரண்டுக்கும் நடுவில், பத்துப் பதினொரு வாரத்தில் தறியை விட்டு இறங்கிவிட்டது. நெசவாளர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவர்கள் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார்கள்.

அதே நாடாளுமன்றக் கம்பளத்தில் இன்னொரு விஷயமும் கவனித்தேன். வேலை தொடங்கியது 2020ல். நெசவு தொடங்கியது 2021 செப்டம்பரில், முடிந்தது 2022 மே மாதம். விரிக்க ஆரம்பித்தது 2022 நவம்பரில். கொரோனாக் காலம், அளவும் ராட்சச அளவு, அதெல்லாம் சரி. ஆனாலும் மொத்தக் காலத்தில் நெசவு எவ்வளவு சின்னப் பங்கு என்று பாருங்கள். எங்கள் ஹால் கம்பளத்திலும் இதே கதைதான், சின்ன அளவில். நாள் போனதெல்லாம் தறிக்கு முன்னாலும் தறிக்குப் பின்னாலும்தான்.

ஆள் கூட்டினால் சீக்கிரம் முடியாதா என்று எங்கள் வீட்டில் எல்லாரும் கேட்டார்கள். முடியாது. நெசவாளர்கள் தறியின் அகலத்துக்கு நேராக ஒரே வரிசையில் உட்கார வேண்டும், ஒருவருக்கு இரண்டரை மூன்று அடி வேண்டும். எட்டடி அகலத்தில் மூன்று பேர்தான். நீளம் எவ்வளவு இருந்தாலும் அதில் ஆளைச் சேர்க்க வழியில்லை, ஏனென்றால் கீழ் வரிசை முடிந்தால்தான் அதற்கு மேல் வரிசை. இரவு ஷிஃப்டுக்கு வேறு ஆள் போட்டால் கை மாறும், இழுக்கும் வேகம் மாறும், பின்பக்கம் பார்த்தால் எந்த இடத்தில் ஆள் மாறினார் என்று அப்பட்டமாகத் தெரியும். முடிச்சு எண்ணிக்கையைக் குறைத்தால் மட்டும்தான் நெசவு நாள் குறையும். அறுபது முடிச்சு என்றால் ஏழு லட்சத்துக்குக் கீழே வந்துவிடும், தடித்த நூலாக இருக்கும், எங்கள் மாதிரி கோடு கோடான டிசைனுக்கு அதுவே போதும் என்று இப்போது தோன்றுகிறது. வளைந்து வளைந்து போகும் கொடிப்பூ வேண்டும் என்றால்தான் நூறுக்கு மேல் அவசியம். காஷ்மீர்ப் பட்டுக் கம்பளம் எல்லாம் 400 முடிச்சு சாதாரணம். இதே அளவுக்கு 46 லட்சம் முடிச்சு, தாலீம் என்கிற குறியீட்டுத் தாளை ஒருவர் படிக்கப் படிக்க வரிசை வரிசையாக நெய்வார்கள். அதை வருடக் கணக்கில்தான் பேச வேண்டும்.

பதோஹியில் தரத்தைச் சொல்ல 5/40, 9/54 என்று எண்கள் வைத்திருக்கிறார்கள். எண் கூடினால் நெருக்கம் கூடும். விலைப்பட்டியலில் இது மட்டும் இருந்தால் விட்டுவிடாமல், சதுர அங்குலத்துக்கு எத்தனை என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், அப்போதுதான் மேலே நான் போட்ட கணக்கை நீங்களும் போட முடியும்.

இனி வழுக்கிய இடங்கள்.

முதல் இடம் நிறம். கம்ப்யூட்டர் டிசைன் நான்கைந்து நாளில் வந்துவிட்டது, திருத்தமும் சட்டென்று முடிந்தது. ஆனால் திரையில் பார்த்த பச்சை நூலில் வருவதில்லை. அதற்காகப் பாம் என்று சின்னச் சின்ன நூல் குஞ்சங்களைக் கூரியரில் அனுப்புகிறார்கள், அதில் இருந்து நிறம் தேர்ந்தெடுக்க வேண்டும். பகலில் ஜன்னல் பக்கம் ஒரு நிறம், இரவில் மஞ்சள் விளக்கில் வேறு நிறம், இரண்டு நேரத்திலும் பார்த்து முடிவு செய்யுங்கள். அப்புறம் ஒரு சதுர அடிக்கு மாதிரித் துண்டு நெய்து அனுப்புவார்கள். இந்த ஒரு அடிக்கு எவ்வளவு நாள் ஆகிவிடும் என்று நினைக்கலாம். அதற்காகக் கொஞ்சமே கொஞ்சம் நூலுக்குத் தனியாகச் சாயம் போட வேண்டும், அதற்கும் ஒரு தறி வேண்டும், எங்களுக்கு நடுவில் ஹோலி வேறு வந்தது, சாயப்பட்டறையில் ஆளே இல்லை. வந்த முதல் துண்டு கிளிப்பச்சை. இரண்டாவது துண்டு சரியாக இருந்தது, அதற்குள் பங்குனி பாதி தாண்டிவிட்டது.

இந்த இடத்தில்தான் சொல்லாமல் விட்ட விஷயம் வெளியே வந்தது. ஓகே சொல்லிவிட்டு, அப்போ இன்னும் பத்து வாரம்தானே பாக்கி என்று கேட்டால், விற்பனைப் பிரிவுப் பையன் நிதானமாகச் சொல்கிறான்: “இல்லை மேடம், பதினாறு வாரம் சாம்பிள் அப்ரூவல் ஆன தேதியிலிருந்துதான்.” பில்லை எடுத்துப் பார்த்தால் உண்மைதான், ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. ஆனால் போனில் பேசியபோது, வைகாசியில் விசேஷம் என்று நாங்கள் தேதியோடு சொன்னபோது, “ஆராமாக வந்துவிடும் மேடம்” என்றவனும் இவன்தான். எனக்குக் கோபம் வந்தது அந்த ஒரு நாள்தான். பொடி எழுத்தில் இருப்பதை வாயைத் திறந்து சொல்வதற்கு ஒரு நிமிடம் ஆகாது.

இரண்டாவது இடம் தறி. நம் நூல் தயாராகிவிட்டால் மறுநாளே நெசவு ஆரம்பிக்கும் என்றுதானே நினைப்போம்? தறியில் ஏற்கெனவே இன்னொருவர் கம்பளம் ஓடிக்கொண்டிருக்கும். அது இறங்கினால்தான் நமக்குப் பாவு கட்டுவார்கள். அத்தோடு ஏப்ரல் மாதம் அந்தப் பக்கம் கோதுமை அறுவடை. நெசவாளர்களில் பல பேருக்குக் கொஞ்சமாவது நிலம் இருக்கிறது, இல்லாதவர்கள் அறுப்புக் கூலிக்குப் போவார்கள். அறுவடையை விட்டுவிட்டு என் ஹாலுக்கு முடிச்சுப் போடு என்று யாரிடம் சொல்ல முடியும்? நெல் நடவு, கல்யாண சீசன், ஈத், தீபாவளி, சத் பூஜை என்று வருடத்தில் தறி நிற்கும் காலங்கள் எல்லாம் முன்கூட்டியே தெரிந்தவைதான். அதைத் தயாரிப்பாளர் தன் காலண்டரில் கழித்துவிட்டுத் தேதி சொல்ல வேண்டும். அவர்கள் சொல்லும் வாரக் கணக்கில் பண்டிகையே கிடையாது, வருடம் முழுக்க திங்கள்கிழமை.

நெசவு நடந்த காலத்தில் எங்கள் அத்தை தினமும் ஒரு தடவை கேட்பார்: “ஏங்கண்ணு, இன்னுமா நெய்யறாங்க? பவானியில சொன்னா அடுத்த சந்தைக்குள்ள குடுத்துருவாங்களே.” அவர் பிறந்த ஊர் பவானிப் பக்கம், சொல்ல உரிமை இருக்கிறது. ஜமக்காளத்தில் முடிச்சே கிடையாது, குழித்தறியில் நாடா ஓட ஓட ஊடை, அதாவது குறுக்கு நூல், முழு அகலத்துக்கும் ஒரே வீச்சில் போய்விடும். அதை விளக்க முயன்று நான் தோற்றேன். வாட்ஸ்அப்பில் வாரம் ஒரு படம் அனுப்புவார்கள், அதைக் காட்டினேன். மூன்று பேர் குனிந்து உட்கார்ந்திருக்கும் படத்தில் போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் ஒரு முழம்கூட ஏறவில்லை என்று அவரே அளந்து பார்த்தார், அதற்கு அப்புறம் கேட்கவில்லை. வாராந்திரப் படம் அனுப்பியதற்கு இந்தக் கடைக்கு முழு மார்க் கொடுக்கலாம். கேட்காமலே அனுப்பினார்கள், ஒரு வாரம்கூடத் தவறவில்லை.

மூன்றாவது இடம் மழை. இதை யாருமே சொல்வதில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. தறியிலிருந்து வெட்டி இறக்கியதும் கம்பளம் தயார் இல்லை, பார்க்க அழுக்காக, விறைப்பாக, நிறம் மங்கி இருக்கும். முதலில் மேலே கத்தரிப்பார்கள். அப்புறம் தண்ணீரும் சோப்பும் விட்டு, மரப்பலகை மாதிரி ஒன்றால் ரோமம் படிந்திருக்கும் திசையில் தள்ளித் தள்ளிக் கழுவுவார்கள். அப்போதுதான் கம்பளிக்கு மினுமினுப்பு வரும், நிறமும் ஒரு படி மாறும். (அதனால் மாதிரித் துண்டையும் கழுவித்தான் அனுப்பச் சொல்ல வேண்டும், கழுவாத துண்டில் நிறம் பார்ப்பது வீண்.) பிறகு வெயிலில் காய வேண்டும். காய்ந்த பிறகு கோணல் இருந்தால் சட்டத்தில் இழுத்துக் கட்டி நேராக்கி, ஓரம் கட்டி, கடைசியாக ஒரு தடவை கத்தரித்து, பின்பக்கம் விட்டுப்போன முடிச்சு பார்த்து, அப்புறம்தான் சுருட்டுவார்கள். வெயில் காலத்தில் இதெல்லாம் இரண்டு மூன்று வாரம். எங்கள் கம்பளம் தறியை விட்டு இறங்கியது ஜூலையில். பதோஹியில் பருவமழை ஜூன் கடைசியில் பிடித்துவிடும். ஈரம் உள்ளே நின்றால் வாடை அடிக்கும், பாவு பருத்தி நூல், அது பூஞ்சை பிடிக்கும். அவசரப்படுத்தி ஈரத்தோடு அனுப்பச் சொல்லலாமா என்று வீட்டில் ஒரு யோசனை வந்தது, நல்ல வேளையாக அதை அவர்களே ஒத்துக்கொள்ளவில்லை. “பதினைந்து நாள் திட்டுங்கள் மேடம், பரவாயில்லை. ஈரத்தோடு அனுப்பினால் பதினைந்து வருடம் திட்டுவீர்கள்” என்றார் அந்த வாஷிங் மேஸ்திரி. இந்த ஆளைத்தான் அந்தக் கடையில் எனக்கு மிகவும் பிடித்தது.

அவசரம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கூடுதல் பணம் வாங்கிக்கொண்டு பாதி நாளில் தருகிறோம் என்று சொன்ன ஒருவரும் இருந்தார். மேலே போட்ட கணக்கு தெரிந்தபின் அதைக் கேட்டால் பயம்தான் வருகிறது. முடிச்சைக் குறைப்பார், இல்லையென்றால் இரண்டு பாவு நூலுக்குப் பதில் நான்கைச் சேர்த்து ஒரு முடிச்சாகப் போடுவார்கள், மேலிருந்து தெரியாது, சீக்கிரம் தேயும். அதையும்விட, வீட்டுத்தறியில் அவசர வேலை என்றால் வீட்டில் உள்ள எல்லார் கையும் அதில் இறங்கும் அபாயம் இருக்கிறது, பிள்ளைகள் கையும் சேர்த்து. கம்பள நெசவில் குழந்தைகளை வேலைக்கு வைப்பதற்கு 1986 சட்டத்திலேயே தடை. இந்தப் பகுதியில் குழந்தைத் தொழிலாளர் பிரச்சினை எவ்வளவு இருந்தது என்பதால்தான் கைலாஷ் சத்யார்த்தி முன்னின்று 1994ல் ரக்மார்க் என்ற முத்திரையைக் கொண்டுவந்தார்கள், இப்போது அதற்குப் பெயர் குட்வீவ். அந்த முத்திரை உள்ள கம்பளமா என்று கேளுங்கள். கேட்டதும் பேச்சை மாற்றுகிற கடையில் தேதி எவ்வளவு நன்றாக இருந்தாலும் வேண்டாம் என்பேன்.

கம்பளி விஷயமும் கேட்டுக்கொள்ளுங்கள். எங்களுடையது நியூசிலாந்துக் கம்பளியும் பிகானேர்க் கம்பளியும் கலந்தது. பளபளப்பு வேண்டும் என்றால் ‘பேம்பூ சில்க்’ போடலாம் என்று ஆசை காட்டினார்கள். பெயரில்தான் பட்டு இருக்கிறது, அது விஸ்கோஸ். ஒரு டம்ளர் தண்ணீர் கொட்டினால் அந்த இடம் மஞ்சளாகி விறைத்துவிடும். காபி குடிக்கிற வீட்டுக்கு ஆகாது.

வந்த கம்பளம் எப்படி என்று சொல்லாமல் தேதியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். மடிக்காமல் சுருட்டி, பிளாஸ்டிக் சுற்றி, அதன்மேல் சாக்கு தைத்து லாரி பார்சலில் வந்தது. வீட்டு வாசல் வரை டெலிவரி என்றுதான் பேச்சு, டிரான்ஸ்போர்ட் குடோனிலிருந்து நாங்களே ஆள் வைத்து எடுத்து வர வேண்டியதாயிற்று, இரண்டு பேர் தூக்கும் கனம். பிரித்ததும் ஒரு ஆட்டு வாடை இருந்தது, சில நாளில் போய்விட்டது. நீளத்தில் ஒன்றரை அங்குலம் குறைவு, கைவேலையில் இந்த அளவு ஏற்ற இறக்கம் இருக்கும் என்று பில்லிலேயே போட்டிருந்தார்கள், நமக்கும் அது கண்ணில் படுவதில்லை. பச்சை நாங்கள் ஓகே செய்த மாதிரித் துண்டோடு அச்சாகப் பொருந்துகிறது. ஓரக்கோடு ஓரிடத்தில் நூலிழை அளவு வளைகிறது, பின்பக்கம் திருப்பி முடிச்சை எண்ணிப் பார்த்தேன், சொன்ன நூறு இருக்கிறது, சில இடத்தில் நூற்றைந்துகூட. முதல் சில வாரம் பஞ்சு பஞ்சாக ரோமம் உதிர்ந்தது, கம்பளி என்றால் அப்படித்தான், வாக்குவம் போடும்போது சுழலும் பிரஷ்ஷைக் கழற்றிவிட்டுப் போட வேண்டும். டைல்ஸ் தரையில் வழுக்காமல் இருக்க அடியில் விரிக்க ஒரு பேட் வேண்டும், அது அவர்கள் தருவதில்லை, தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். விலை அந்த ஷோரூம் டஃப்டட்டை விட இரண்டு மடங்குக்கு மேல் வந்தது.

நெசவுக்கு ஐந்துக்கு ஐந்து, வாராந்திரப் படத்துக்கும் ஐந்து. தேதி சொன்ன விதத்துக்கு இரண்டு, அந்த இரண்டும் வாஷிங் மேஸ்திரிக்காக.

ஆர்டர் கொடுக்கப் போகிறவர்கள் ‘எத்தனை வாரம்’ என்று ஒரே கேள்வியாகக் கேட்காதீர்கள். மாதிரித் துண்டு என்றைக்கு வரும், பிடிக்கவில்லை என்றால் அடுத்ததற்கு எத்தனை நாள், தறி எப்போது காலியாகும், தறியில் எத்தனை பேர், எந்த மாதத்தில் கழுவுவீர்கள் என்று தனித்தனியாகக் கேட்டு ஒரு மெயிலில் எழுதி வாங்குங்கள். தாமதத்துக்கு அபராதம் போடலாமா என்று கேட்டுப் பார்த்தேன், சிரித்துவிட்டார்கள். ஆனால் பணத்தைப் பகுதி பகுதியாகப் பிரிக்க ஒத்துக்கொள்வார்கள். முன்பணமாகப் பாதியைத் தூக்கிக் கொடுக்காமல், தறியில் பாவு கட்டிய படம் வந்ததும் ஒரு பங்கு, கழுவிக் காய்ந்த படம் வந்ததும் ஒரு பங்கு என்று பேசிப் பாருங்கள். நாத்தனார் அப்படித்தான் பேசியிருக்கிறார், சரி என்றிருக்கிறார்கள்.

ஆமாம், நாத்தனாரும் அதே இடத்தில்தான் கொடுத்திருக்கிறார், நான்தான் போன் நம்பர் கொடுத்தேன். அவருக்கு 5க்கு 8 அடி, அறுபது முடிச்சு போதும் என்று சொல்லிவிட்டேன். மூன்றரை லட்சத்துக்குக் கீழே, ஐந்தடி அகலத்துக்கு இரண்டு பேர் உட்காரலாம், ஐந்தாறு வாரத்தில் இறங்கிவிடும். புரட்டாசியில் ஆர்டர், தீபாவளியும் சத் பூஜையும் போனபிறகு சாயம், குளிர்காலத்தில் நெசவு, பிப்ரவரி மார்ச் வெயிலில் கழுவிக் காயப்போடுவது என்று காலண்டரை நாங்களே போட்டுக் கொடுத்தோம். பையன் வழக்கம்போல “ஜனவரியிலேயே வந்துவிடும் மேடம்” என்றானாம். சித்திரைக்குள் வந்தால் போதும் என்று எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறோம்.